இருபத்திரண்டு பேருக்கு நடுவே ஒரு விசில்

கால்பந்து ரெஃப்ரி வேலையில் ஒரு விசேஷம் உண்டு: ஊரில் ஒருத்தனுக்கும் உங்கள் பெயர் தெரியாது, ஆனால் உங்கள் அம்மாவைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். நீங்கள் சரியாக ஊதினால் பாதி ஊர் திட்டும். தப்பாக ஊதினால் மீதிப் பாதி திட்டும். இரண்டு பாதியும் சேர்ந்து திட்டினால் அன்றைக்கு ஆட்டம் டிரா என்று அர்த்தம்.

அம்மாவுக்கும் பெண்டாட்டிக்கும் நடுவில் உட்கார்ந்து சோறு சாப்பிடுகிறவர்கள், குழாயடியில் வரிசையை ஒழுங்கு பண்ணப் போய் குடத்தால் இடி வாங்கியவர்கள், பங்காளிச் சண்டையில் "நீயே சொல்லுப்பா" என்று நடுவே தள்ளிவிடப்பட்டவர்கள் எல்லோரும் என் கூட்டாளிகள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஆந்திரா தனி ராஜ்யமாகி, திருத்தணி யாருக்கு, சத்தியவேடு யாருக்கு என்று இரண்டு பக்கமும் இழுத்துக்கொண்டிருந்த வருஷங்களில் புத்தூரிலும் சித்தூரிலும் திருப்பதியிலும் விசில் ஊதியவன் நான். புலம்பலாம் என்றுதான் உட்கார்ந்தேன். எழுத எழுத, யார் யாருக்கோ நன்றி சொல்லவேண்டியிருப்பது தெரிகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

யாருக்கும் ஆகாதவன்

நகரிப் பக்கத்துக்காரன் நான். மெட்ராஸில் மூன்று வருஷம் கோலுக்கு முன்னால் நின்று தடுக்கிற ஃபுல் பேக்காக ஆடினேன். முட்டி பிசகிப்போய், ட்ரில் மாஸ்டர் பரீட்சை எழுதி, புத்தூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் தற்காலிக வேலையில் சேர்ந்தேன். தற்காலிகம் என்றால், வருஷக் கடைசியில் பள்ளிக் கமிட்டி கையெழுத்துப் போட்டால்தான் அடுத்த வருஷம் சோறு. கமிட்டித் தலைவர் ரைஸ்மில் கங்காதரம். அவருக்கு உலகத்தில் இரண்டே ஆசைகள். ஒன்று அந்த மில். இன்னொன்று மில்லின் பெயரில் அவர் வைத்திருந்த புட்பால் டீம். ஜெயிப்பதற்காக எங்கெங்கிருந்தோ ஆட்டக்காரர்களைச் சம்பளம் பேசிக் கொண்டுவருவார். மில்லில் அவர்கள் மேஸ்திரி என்று பேர். ஒருத்தனும் ஒரு மூட்டையைத் தொட்டுப் பார்த்ததில்லை. வருஷா வருஷம் பொங்கலை ஒட்டி ஒரு ஷீல்டு போட்டியும் அவரே நடத்துவார்.

போட்டிக்கு ரெஃப்ரி அகப்படாமல் என்னைக் கூப்பிட்டார். எனக்குத் தயக்கம். ஊர் அப்போது இருந்த இருப்பு அப்படி. தெலுங்கில் தமிழுக்கு அரவம் என்று பேர்; தெலுங்குக்காரர்கள் என்னை 'அரவம் பேசுகிறவன்' என்று ஒரு மாதிரி பார்ப்பார்கள். நம் ஆட்களோ 'ஆந்திரா சம்பளம் துன்றவன்' என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். இதைக் கங்காதரத்திடம் ஒளிக்காமல் சொன்னேன். அவர் தெலுங்கையும் தமிழையும் கலந்துகட்டித்தான் பேசுவார். "அதே கதா, அதானே வேணும் மாஸ்டர்? உன்ன இவனும் நம்பமாட்டான், அவனும் நம்பமாட்டான். ரெஃப்ரிக்கு வேற இன்னா தகுதி வேணும்?"

ஒற்றைச் செருப்பு

சித்தூரில் ஒரு ஆட்டம். கடைசி நிமிஷத்தில் உள்ளூர் டீம் போட்ட கோலை ஆஃப்சைடு என்று ஊதிவிட்டேன். ஆஃப்சைடு என்றால் என்ன என்று அந்த மைதானத்தில் தெரிந்தவர்கள் மூன்று பேர் இருந்திருந்தால் அதிகம். கூட்டத்திலிருந்து ஒரு செருப்பு பறந்து வந்து என் தோளில் விழுந்தது. புதுச் செருப்பு, நல்ல தோல். வந்த ஆத்திரத்தில் அதை எடுத்து என் பைக்குள் போட்டுக்கொண்டேன். யாரிடம் காட்டப் போகிறேன் என்றெல்லாம் யோசிக்கவில்லை. அத்தாட்சி கையில் இருக்கட்டும் என்று ஒரு வீம்பு.

பஸ் ஸ்டாண்டில் புத்தூர் பஸ்ஸுக்காக நின்றேன். ஒரு காலில் செருப்பும் இன்னொரு கால் வெறுமையுமாக ஒருவர் வந்தார். ஜவுளிக்கடையில் துணி கிழிக்கிறவர், நாற்பது வயது இருக்கும். அடிக்கத்தான் வருகிறார் என்று பையை இறுக்கிப் பிடித்தேன். அவர் டீ வாங்கிக் கொடுத்தார். நான் குடித்து முடிக்கிறவரை மரியாதையாகக் காத்திருந்தார். பிறகு சொன்னார்: "தப்புதான் சார். ஆனா ஒத்தச் செருப்ப வெச்சிக்கினு நீங்க இன்னா பண்ணப்போறீங்க? குடுத்துட்டீங்கன்னா ரெண்டு பேர்ல ஒருத்தனாவது ஒழுங்கா வூட்டுக்குப் போவலாம்."

பதினோரு மொட்டை

திருப்பதியில் ஒரு டீம், அரையிறுதியில் ஜெயித்தால் எல்லோரும் முடி கொடுப்பதாக வேண்டிக்கொண்டது. ஜெயித்துவிட்டார்கள். இறுதி ஆட்டத்துக்குப் பதினோரு பேரும் பளபளவென்று மொட்டைத் தலையில் சந்தனம் பூசிக்கொண்டு வந்து நின்றார்கள். சட்டையில் நம்பர் போடுகிற வழக்கமெல்லாம் அப்போது அந்தப் பக்கம் வரவில்லை. எவன் காலை வாரினான், எவனை எச்சரித்தேன் என்று எனக்கே குழப்பம். ஒரு தப்பும் செய்யாதவனை இரண்டு தடவை அதட்டியிருக்கிறேன். அவன் பாவம், இரண்டு தடவையும் "சரி சார்" என்றான்.

இடைவேளை முடிந்ததும் ஒருத்தன் மட்டும் கட்டு அவிழ்த்துவிட்ட கன்றுக்குட்டி மாதிரி ஓடினான். மற்றவர்கள் நாக்குத் தள்ளிக்கொண்டிருக்க, இவனுக்கு மட்டும் எப்படி இந்தத் தெம்பு? ஆட்டத்தை நிறுத்தி எண்ணினேன். பதினோரு பேர் சரியாக இருந்தார்கள். அந்தக் காலத்தில் ஆட்டத்தின் நடுவே ஆள் மாற்றக் கூடாது, கால் ஒடிந்தாலும் பத்துப் பேரோடுதான் ஆட வேண்டும். எல்லோரையும் வரிசையாக நிற்கவைத்து, சந்தையில் பூசணிக்காய் பார்க்கிற மாதிரி ஒவ்வொரு தலையாகத் தடவிக்கொண்டு போனேன். பத்துத் தலையில் சந்தனம் வேர்வையில் கரைந்து ஓடியிருந்தது. ஒரே ஒரு தலையில் அப்போதுதான் பூசின ஈரம். அவனுக்கு முன்னால் ஆடினவன் புளியமரத்துக்குப் பின்னால் கால் நீட்டி மோர் குடித்துக்கொண்டிருந்தான். கேப்டனைக் கூப்பிட்டுக் கேட்டேன். கொஞ்சமும் அசரவில்லை. "சாமிக்கு நாங்க பதினோரு மொட்டதான் வேண்டிக்கினோம் சார். இவன் தனியா வேண்டிக்கினு வந்து நடுவுல கலந்துட்டான்."

கணுக்கால் கட்டு

பூட்ஸ் போடாதவர்கள் கணுக்காலைச் சுற்றித் துணி கட்டிக்கொண்டு ஆடுவார்கள். ஆட்டத்துக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து ஒவ்வொரு கட்டையும் விரலால் அழுத்திப் பார்ப்பது ரெஃப்ரியின் வேலை. உள்ளே என்னவெல்லாம் இருக்கும் என்று கேட்காதீர்கள். கூழாங்கல், மூங்கில் சிம்பு, ஒரு தடவை பாக்குவெட்டியின் ஒரு பாதி.

கங்காதரம் தங்கவயலிலிருந்து டேவிட் என்று ஒரு ஃபுல் பேக்கைக் கொண்டுவந்திருந்தார். ஆறடி ஆள். வெறுங்காலால் பாதி மைதானத்திலிருந்து கோலுக்கு அடிப்பான். அந்த வருஷ ஷீல்டு போட்டியின் முதல் ஆட்டத்தில் அவன் கட்டை அழுத்தினேன். விரலில் சுருக்கென்று குத்தியது. அவிழ்த்தால், மண்ணெண்ணெய் டின்னை வெட்டி மடித்த தகரம். ஒரு வீச்சு வீசினால் எதிராளியின் முழங்கால் எலும்பு தெரியும். நான் கத்தின கத்தலில் மைதானமே திரும்பிப் பார்த்தது. டேவிட் அமைதியாக என்னைப் பார்த்து, உண்மையிலேயே புரியாமல் கேட்டான்: "இன்னா சார் இப்படிக் கோவப்படறீங்க? போன வாரம் ஆடுன ஊர்ல ரெஃப்ரியே கட்டிவிட்டாரே."

மேஜைமேல் ஒரு காகிதம்

இனி நான் சொல்வதெல்லாம் அந்த வருஷத்து ஷீல்டு இறுதி ஆட்டம் பற்றித்தான். மில் டீமுக்கு எதிரே பள்ளிப்பட்டுப் பக்கத்து டீம். தறி நெய்கிறவர்களும் கூலி வேலைக்குப் போகிறவர்களும். ஒருத்தன் காலிலும் பூட்ஸ் கிடையாது. கேப்டன் முனிரத்தினம், கரும்பு வெட்டுகிற ஆள், ஒல்லியாக இருப்பான். பந்து காலுக்கு வந்தால் நூலில் கட்டினது மாதிரி ஒட்டிக்கொள்ளும்.

அன்று காலையில் மில் குமாஸ்தா வீட்டுக்கு வந்தார். எனக்கு வேலை நிரந்தர உத்தரவு டைப் அடித்தாகிவிட்டது, தலைவர் மேஜைமேல் இருக்கிறது, ஆட்டம் முடிந்து வந்து கையெழுத்துப் போடுவதாகச் சொன்னார் என்றார். அவ்வளவுதான். வேறு ஒரு வார்த்தை சொல்லவில்லை, சொல்லத் தேவையும் இல்லை. நாலு வருஷமாக அந்தக் காகிதத்துக்காகத்தான் காத்திருந்தோம். என் மனைவி சரோஜாவுக்கு அப்போது ஏழாவது மாசம். வீட்டுக்காரர் வேறு, சித்திரை பிறந்தால் "மாஸ்டர், அடுத்த வருஷம் இருப்பீங்களா?" என்று வாசலில் நின்று கேட்பார்.

நான் சட்டையை மாட்டிக்கொண்டு சும்மா நின்றேன். சரோஜா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தை நிறுத்தாமலே பேசினாள். "பர்மனென்ட் ஆனா நல்லாத்தான் இருக்கும். நான் இல்லன்னு சொல்லல. ஆனா நீ ராவெல்லாம் புரண்டு படுத்துக்கினு இருந்தா என் தூக்கமும் சேந்து போவும். அதையும் யோசிச்சிக்கோ."

எந்த ராஜ்யத்து ஆள்?

ஷீல்டு போட்டிக்கு ஒரு சட்டம் உண்டு. ஒரு டீமில் ஆந்திராவுக்கு வெளியே உள்ளவர்கள் மூன்று பேருக்குமேல் ஆடக் கூடாது. சட்டம் போட்டவர் கங்காதரம்தான். அவர் டீமில் சரியாக மூன்று பேர் வெளியாட்கள். மத்தியானம் பள்ளிப்பட்டு ஆட்கள் மாட்டு வண்டியில் வந்து இறங்கினதும் மில் டீம் மானேஜர் ஒரு தெலுங்குப் பேப்பரை என் கையில் திணித்தார். எல்லை பேசித் தீர்ந்துவிட்டது, திருத்தணித் தாலுகாவில் பெரும்பாலான ஊர்கள் மெட்ராஸுக்குப் போகப்போகின்றன என்று செய்தி. ஆகவே இவர்கள் பதினோரு பேரும் வெளியாட்கள், ஆட்டம் கிடையாது, ஷீல்டு மில்லுக்கு என்றார்.

 விளையாட்டுச் சட்டப் புத்தகத்தில் இதற்கெல்லாம் விடை இல்லை. "போகப்போகுதுன்னுதானே போட்டிருக்கு? போயிடுச்சா?" என்று கேட்டேன். மானேஜர் பேப்பரைத் திரும்பப் படித்தார். "இவங்க ஊர்ல இன்னைக்கு வரி வசூல் பண்றவர் யாரு? சித்தூர் கலெக்டர் ஆளுதானே? அப்ப ஆடலாம்" என்று சொல்லிவிட்டேன். பின்னால் கங்காதரம் குடையோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தார். முனிரத்தினம் வண்டியின் நுகத்தடியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான். இப்போது தன் ஆட்களைப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னான்: "நேத்து ஆந்திராவாம், நாளைக்கு மெட்ராஸாம். நாங்க வூட்ட வுட்டு ஒரு அடி நவுரலியே சார்."

ஊறப்போட்ட பந்து

பந்து கொடுப்பது போட்டி நடத்துகிறவர் பொறுப்பு. மூன்றரை மணிக்கு மானேஜர் பந்தைக் கொண்டுவந்து கொடுத்தார். கையில் வாங்கினதும் தோள் இறங்கியது. ஐந்து சேர் எடை கூட இருக்கும்போலத் தோன்றியது. மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் ஊறின நெல் வாசனை. விஷயம் புரிந்துவிட்டது. அவிக்கிற நெல்லை ஊறப்போடும் சிமெண்டுத் தொட்டியில் பந்தை ராத்திரியே அமுக்கி வைத்திருக்கிறார்கள். மில் டீமில் டேவிட்டைத் தவிர எல்லோருக்கும் பூட்ஸ்; பூட்ஸ் போட்டவனுக்கு ஈரப்பந்து ஒன்றும் செய்யாது. வெறுங்காலோடு அதை நாலு தடவை உதைத்தால் அஞ்சாவது தடவைக்குக் கால் தூக்க வராது.

வேறு பந்து கேட்டேன், இல்லை என்றார்கள். காயாமல் ஆட்டம் தொடங்காது என்று சொல்லிவிட்டு, மில்லின் பின்பக்கம் அவித்த நெல் காயப்போட்டிருந்த களத்துக்குப் பந்தைத் தூக்கிக்கொண்டு போனேன். கூட்டமும் என் பின்னாலேயே வந்தது. களத்தில் காலால் நெல் கிளறிக்கொண்டிருந்த பெண்கள் விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சிரித்தார்கள். பொம்மி என்கிற பெரியம்மா பந்தை என் கையிலிருந்து பிடுங்கி, தவிட்டு மூட்டையைக் கொட்டி அதில் உருட்டினாள். தவிடு தண்ணீரை உறிஞ்சும் என்று எனக்கு அன்றுவரை தெரியாது. உருட்டுவதும் தட்டுவதும் வெயிலில் காட்டுவதுமாக ஒன்றரை மணி நேரம். அந்தம்மாவுக்கு நான் இன்னும் கடன்பட்டவன். பந்தைத் திருப்பிக் கொடுக்கும்போது மானேஜர் காதில் விழும்படி சத்தமாகக் கேட்டாள்: "நாங்க ஊறவெச்சி அவிச்சா அரிசி வருது. நீங்க ஊறவெச்சா இன்னா சார் வரும்?"

கயிற்றுக்கு மேலே

அந்த மைதானத்தில் கோல் என்பது இரண்டு சவுக்குக் கம்பமும் மேலே குறுக்காகக் கட்டின தேங்காய்நார்க் கயிறும்தான். வலை கிடையாது. பந்து கயிற்றுக்கு மேலே போனதா கீழே போனதா என்று சொல்ல ரெஃப்ரியின் கண்ணை விட்டால் வேறு கதி இல்லை. ஆட்டம் ஐந்து மணிக்குத்தான் தொடங்கியது; இருட்டிவிடும் என்று பாதிக்கு அரை மணியாகக் குறைத்துவிட்டேன். இரண்டு பக்கமும் கோல் விழவில்லை. இடைவேளை தாண்டிக் கொஞ்ச நேரத்தில் டேவிட் தூரத்திலிருந்து ஓங்கி ஒன்று விட்டான். பந்து கயிற்றுக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் போனது. நான் பார்த்தேன். நன்றாகப் பார்த்தேன். இங்கே பொய் சொல்லி எனக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை, அதனால் உள்ளதைச் சொல்கிறேன். மில் டீம் "கோல், கோல்" என்று கத்தியது. கோட்டுக்கு வெளியே கங்காதரம் குடையைத் தூக்கினார். என் மனசில் மேஜைமேல் இருந்த காகிதம் வந்தது. நான் விசில் ஊதி, கோல் என்று கையைக் காட்டிவிட்டேன்.

பள்ளிப்பட்டு ஆட்கள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். முனிரத்தினம் அவர்களை விலக்கினான். தானே போய்ப் பந்தை எடுத்துவந்து நடுவில் வைத்தான். குனிந்து வைக்கும்போது எனக்கு மட்டும் கேட்கிறாற்போல, "கண்ணுல வெயில் அடிச்சிருக்கும், வுடுங்க சார்" என்றான். வெயில் என் முதுகுப் பக்கம் இருந்தது. என் நிழல் எனக்கு முன்னால் நீளமாக விழுந்து கிடந்தது, அவன் பந்தை வைத்ததே அந்த நிழலின் மேல்தான். அவனுக்கும் அது தெரியும். என்னைத் திட்டியிருந்தால் நான் திருப்பித் திட்டிவிட்டு ஆட்டத்தை நடத்தியிருப்பேன். எனக்காக அவன் ஒரு சாக்குத் தேடிக் கொடுத்ததைத்தான் என்னால் தாங்கமுடியவில்லை. 

கால்பந்துச் சட்டத்தில் ஒரு கருணை இருக்கிறது. நடுவில் வைத்த பந்தைத் திரும்ப உதைக்கிற வரைக்கும் ரெஃப்ரி தன் தீர்ப்பை மாற்றிக்கொள்ளலாம். உதைத்துவிட்டால் போச்சு. முனிரத்தினம் காலை ஓங்கிவிட்டான். நான் விசில் ஊதினேன். "கோல் இல்லை. பந்து மேலே போனது. நான் தப்பாக ஊதிவிட்டேன்" என்று தமிழில் ஒரு தடவையும் தெலுங்கில் ஒரு தடவையும் கத்திச் சொன்னேன். அதற்கப்புறம் நடந்ததை விவரிக்க வேண்டாம். மில் டீம் கேப்டன் என் சட்டையைப் பிடித்தார், இரண்டு பொத்தான் போயிற்று. கூட்டம் கோட்டைத் தாண்டி உள்ளே வந்தது. அப்போது டேவிட் தன் கேப்டனின் கையை என் சட்டையிலிருந்து விரல் விரலாகப் பிரித்து எடுத்தான். அவன் குரல் பெரிய குரல், எல்லோருக்கும் கேட்டது. "கயித்துக்கு மேலதான் போச்சு. அடிச்சவனுக்குத் தெரியாதா?"

சிபாரிசு

இருட்டுவதற்குக் கொஞ்சம் முன்னால் பள்ளிப்பட்டு ஆட்கள் ஒரு கோல் போட்டு ஜெயித்தார்கள். கங்காதரம் குடையை மடக்கிக்கொண்டு போய்விட்டார். எங்கள் தலைமை ஆசிரியர்தான் ஷீல்டை எடுத்துக் கொடுத்தார். வருஷக் கடைசியில் என் பெயருக்கு எதிரே கையெழுத்து விழவில்லை. கைக்குழந்தையோடு சரோஜா தட்டுமுட்டுச் சாமானைக் கட்டினாள். ஒரு வார்த்தை குத்திக் காட்டவில்லை. ராத்திரியில் நன்றாகத் தூங்கினாள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

தலைமை ஆசிரியர் என்னைக் கூப்பிட்டு, திருப்பதியில் தனக்குத் தெரிந்த ஒரு தலைமை ஆசிரியருக்குக் கடிதம் கொடுத்தார். ஒட்டின உறை. என்ன எழுதியிருந்தாரோ, திருப்பதிக்காரர் அதை இரண்டு தடவை படித்தார். அந்த வேலைக்கு வெளியே பெஞ்சில் இன்னும் நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோருக்கும் என்னைவிட நல்ல முட்டி. எனக்குக் கிடைக்காது என்று நினைத்து நானே எழுந்துவிட்டேன். அவர் கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு சொன்னார்: "உட்காருங்க. தப்பே பண்ணாத மாஸ்டருங்க நாலு பேர் வெளிய இருக்காங்க. பண்ணினேன்னு ஒத்துக்கிட்டவர் நீங்க ஒருத்தர்தான் வந்திருக்கீங்க."

வரப்பு

எல்லை ஒருவழியாகத் தீர்ந்து, பள்ளிப்பட்டு மெட்ராஸ் பக்கம் போய், சத்தியவேடு இந்தப் பக்கம் வந்தது. அதற்கப்புறம் ஒரு காலையில் திருப்பதியில் என் வீட்டு வாசலில் கங்காதரம் நின்றார். கையில் ஒரு சின்னப் பையில் புது அரிசி. ஆள் இளைத்துப்போயிருந்தார். இரண்டு மகன்களும் பாகம் கேட்கிறார்கள், நிலத்தை அளந்து வரப்புப் போட வேண்டும், சர்வேயர் இருக்கிறார், நடுவில் நிற்க ஆள் இல்லை என்றார். ஊரில் இருக்கிற பெரிய மனுஷர்கள் எல்லோரும் ஆளுக்கு ஒரு மகன் பக்கம் சாய்ந்துவிட்டார்களாம். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "அன்னைக்கு உங்க மேஜை மேல இருந்த காகிதம் இன்னா ஆச்சு?" என்று கேட்டேவிட்டேன். கிழித்துவிட்டதாக ஒப்புக்கொண்டார். முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. சரோஜா அவருக்குக் காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, போய்விட்டு வா என்று எனக்குக் கண்ணைக் காட்டினாள்.

போனேன். இரண்டு நாள் வெயிலில் சர்வேயரின் சங்கிலிக்குப் பக்கத்தில் நின்றேன். பெரியவன் என்னைச் சின்னவனின் ஆள் என்றான். சின்னவன் என்னைப் பெரியவனின் ஆள் என்றான். இரண்டு பேரும் ஒரே அளவு திட்டினதால் கோடு நேராகத்தான் விழுகிறது என்று எனக்குத் தைரியம் வந்தது. கடைசிக் கல்லை நட்டதும் இரண்டு பேரும் கிழவரின் காலைத் தொட்டுவிட்டு, ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்காமல், ஆனால் சண்டை போடாமல் போனார்கள்.

பஸ் ஏற்றிவிடக் கங்காதரமே வந்தார். எனக்கு அடக்கமுடியவில்லை. "நடுவுல நிக்க என்னைத் தேடி அம்மாந்தூரம் வந்தீங்களே, அன்னைக்கு ஷீல்டு ஆட்டத்துல இதே ஆள் உங்களுக்கு வேணாமாப் போயிட்டேனே, ஏன்?" என்று கேட்டேன். அவர் பஸ் வருகிற பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். கண் கலங்கியிருந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டு, அன்றைக்கு ஒரு நாள் தெலுங்கு கலக்காமல் பேசினார். "அன்னைக்கு எனக்கு ஒரு பக்கம் ஜெயிச்சாப் போதும் மாஸ்டர். இங்க ரெண்டு பக்கமும் நான் பெத்ததாச்சே."

ஆக, இத்தனை வருஷம் விசில் ஊதி நான் கண்டது இதுதான்: அந்தப் பக்கத்தில் என்னைத் திட்டாத ஊர் ஒன்றுகூட இல்லை, என்னை உட்காரவைத்து ஒரு டம்ளர் காபி கொடுக்காமல் அனுப்புகிற ஊரும் ஒன்றுகூட இல்லை.